ஒரு டிவி, ஆறு பேர், ஐந்து சூப்பர்ஹீரோக்கள்

மே மாதம் பிறந்தால் எங்கள் வீட்டில் ஆள் கூடிவிடும். ஊர் கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரை. தாளடி அறுத்து, அதன்மேல் தெளித்த உளுந்தையும் எடுத்தாகிவிட்டது. ஆற்றில் மணல் மட்டும் கிடக்கிறது. ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறந்து, தண்ணீர் கல்லணை தாண்டி எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேரும்வரை வயலில் எனக்கு வேலை கிடையாது. எங்களிடம் போர்வெல் இல்லை, ஆற்றுப் பாசனம்தான். அந்த நேரம் பார்த்து அக்கா சென்னையிலிருந்து பிள்ளைகள் இரண்டையும் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவாள். பையன் ஒன்பதாவது போகிறான், பெண் ஆறாவது. என் மகள் நாலாவது. அப்புறம் நான், என் மனைவி, அம்மா. பிள்ளைகளில் இரண்டுக்கு அவர் அம்மாயி, ஒன்றுக்கு அப்பாயி. ஆக ஆறு பேர், ஹாலில் ஒரு டிவி.

போன கோடைக்கு முந்தின கோடையில் ஆளுக்கொரு போனோடு ஆறு மூலையில் கிடந்தோம். அது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரே வீட்டுல இருந்துகிட்டு ஆறு வீடா இருக்கீங்க" என்றார். அதனால் போன மே மாதம் ஒரு கட்டுப்பாடு போட்டேன்: இரவு எட்டரையிலிருந்து பத்துவரை எல்லோரும் ஒரே தொடரைப் பார்ப்பது. எந்தத் தொடர் என்பதில்தான் சிக்கல். அக்கா மகனுக்கு சூப்பர்ஹீரோ வேண்டும், வேறு எதற்கும் உட்காரமாட்டான். அம்மா தன் சீரியலை மறுநாள் மத்தியானத்துக்குத் தள்ளிக்கொள்ளச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: "கதையில குடும்பம் இருக்கணும். சும்மா அடிச்சிக்கிட்டே இருந்தா நான் படுக்கப் போயிடுவேன்."

முப்பது இரவு, ஒன்றரை மணி நேரம் என்றால் நாற்பத்தைந்து மணி நேரம். அதில் கல்யாணம், கரண்ட் கட், காரைக்கால் போய்வருவது என்று பத்து மணி நேரமாவது போய்விடும். மிச்சத்துக்கு எது தாங்கும் என்று ஒரு வாரம் உட்கார்ந்து யோசித்தேன். இரவு பிள்ளைகள் தூங்கியபிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று எபிசோடு பார்த்தேன், சிலதை முன்பே முழுசாகப் பார்த்திருந்தேன். பட்டியலில் ஐந்து நின்றன. "ஆறாவதா தி பாய்ஸ் இருக்கு மாமா" என்று அக்கா மகன் சொன்னான். அது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று அவர்களே போட்டிருக்கிறார்கள், ரத்தம் டிவியைத் தாண்டி நம் சட்டையில் தெறிக்கும். ஹாலில் அம்மாவை வைத்துக்கொண்டு அதைப் போட எனக்குத் தைரியம் இல்லை. அது அங்கேயே அடிபட்டது.

எதை வைத்து அளப்பது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தீர்ப்பு வீம்பாகத் தெரியும். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி பாகவத மேளா நடக்கும், அனேகமாக மே மாதத்தில். பிரகலாத சரித்திரம் போடுவார்கள். தெலுங்கில் பாடி ஆடுவார்கள், பெண் வேடமும் ஆண்கள்தான். சின்ன வயதில் அப்பா என்னை அழைத்துப் போயிருக்கிறார். எனக்குத் தெலுங்கு ஒரு சொல் தெரியாது. கதை எப்படி முடியும் என்று அங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ராத்திரி முழுக்க யாரும் எழுந்து போகவில்லை. காரணம் இரணியன். ராத்திரி பூராவும் அவனுடையது. அவன் கர்வம், மனைவியிடம் பேசுவது, பிள்ளையைக் கெஞ்சுவது, மிரட்டுவது எல்லாம் பார்த்தாகிவிடும். நரசிம்மர் வருவது கடைசியில், சிறிது நேரம்தான். இரணியனுக்கு அத்தனை நேரம் கொடுத்ததால்தான் தூண் பிளக்கும்போது நமக்கு மயிர்க்கூச்செறிகிறது.

சூப்பர்ஹீரோ தொடருக்கும் எனக்கு அதே கணக்குதான். பறக்கிறவன் எவ்வளவு உயரம் பறக்கிறான் என்பதை சினிமா பார்த்துக்கொள்ளும், அவர்களிடம் பணம் இருக்கிறது. டிவிக்காரனிடம் இருப்பது நேரம். அதை வில்லனுக்கும் ஊர் ஜனங்களுக்கும் எப்படிப் பங்கிட்டுக் கொடுக்கிறான் என்பதில்தான் ஒரு தொடரின் பலமும் பலவீனமும் இருக்கின்றன.

முதலில் சக்திமான், வயதில் மூத்தவர் என்பதால். 1997 செப்டம்பரில் தூர்தர்ஷனில் தொடங்கி 2005 வரை ஓடியது. 1988இல் வந்த மகாபாரதத் தொடரில் பீஷ்மராக நடித்த முகேஷ் கன்னாதான் சக்திமான். எங்கள் தெருவில் டிவி இருந்தது இரண்டு வீட்டில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதில் ஒரு வீட்டுத் திண்ணையில் செருப்பு குவிந்திருக்கும். மாடியில் ஒருத்தன் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான், கீழே இருந்து "இன்னும் கொஞ்சம் தெக்கால, தெக்கால" என்று கத்துவோம். பேசுவது இந்தி, எங்களில் ஒருவனுக்கும் புரியாது. வில்லன் கில்விஷ் வந்து "அந்தேரா காயம் ரஹே" என்று சொல்வது மட்டும் மனப்பாடம். இருட்டு நிலைக்கட்டும் என்று அதற்கு அர்த்தம் என்பதே கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது. பகலில் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட பத்திரிகைப் போட்டோகிராபர் கங்காதர், ஆபத்து என்றால் விரலை நீட்டிச் சுற்றிச் சுற்றி எழும்புகிற சக்திமான். உள்ளே ஏழு சக்கரம், யோகம், தியானம் என்று நம்மூர் சரக்கு. கடைசியில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்கிற பகுதி வேறு. பல் தேய்க்காதவன், பொய் சொன்னவன் எல்லாம் "ஸாரி சக்திமான்" என்று மன்னிப்புக் கேட்பான்.

ஒரு எபிசோடைத் தேடிப் போட்டேன். பிள்ளைகள் மூன்றும் விழுந்து விழுந்து சிரித்தன. அவர் சுற்றுவதைப் பார்த்து என் மகள் "அப்பா, கிரைண்டர்" என்றாள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. கிராஃபிக்ஸ் பழசாகிவிட்டது என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். கில்விஷ் ஒரே இருட்டுக் குகையில் நின்றுகொண்டு ஒரே வசனத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறான், அவனுக்கு என்னதான் வேண்டும் என்று எத்தனை வாரம் பார்த்தாலும் தெரியாது. அதுதான் அந்தத் தொடரின் ஓட்டை. எங்களுக்கு அப்போது அது தேவைப்படவில்லை, வாரம் முழுக்கக் காத்திருந்ததே போதுமாக இருந்தது. காத்திருக்கத் தேவையில்லாத பிள்ளைகளிடம் அதைப் போட்டுக்காட்டியது என் தப்பு. சக்திமான் நீக்கம்.

அடுத்தது வாண்டாவிஷன். 2021 ஜனவரியில் தொடங்கி மார்ச்சில் முடிந்தது, ஒன்பது எபிசோடு, மொத்தமே ஆறு மணி நேரத்துக்குள். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, அந்தத் துக்கத்தைத் தாங்க முடியாமல் ஒரு ஊரையே தன் மாயத்தால் டிவி நாடகமாக மாற்றி உள்ளே குடித்தனம் நடத்துகிறாள். யோசனை அருமை. எலிசபெத் ஓல்சன் நடிப்புக்காகவே பார்க்கலாம். ஆனால் நம் ஹாலுக்கு இரண்டு தடை. முந்தைய மார்வெல் படங்களைப் பார்க்காதவருக்கு அந்தப் புருஷன் யார், எப்படிச் செத்தான் என்பதே புரியாது. இரண்டாவது, முதல் எபிசோடுகள் பழைய அமெரிக்க டிவி நகைச்சுவை நாடகங்களை அச்சு அசலாக நடித்துக் காட்டுபவை, பின்னால் சிரிப்புச் சத்தத்தோடு, கறுப்பு வெள்ளையில். அந்த நாடகங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு ருசி. நாம் வளர்ந்தது வேறு டிவியில். அம்மா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு "எதுக்கு இவங்க சிரிக்கிறாங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தனியாகப் பார்க்க, அதுவும் யாரையாவது இழந்தவர் தனியாகப் பார்க்க, நல்ல தொடர். அதைத் தள்ளிவைத்தோம்.

இனி நிஜமான போட்டி. டேர்டெவில், ஃப்ளாஷ், மிஸ் மார்வெல்.

ஐந்தில் எது சிறந்தது என்று கேட்டால் யோசிக்காமல் டேர்டெவில் என்பேன். 2015 ஏப்ரலில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. மூன்று சீசன், சீசனுக்குப் பதின்மூன்று என்று முப்பத்தொன்பது எபிசோடு. மேட் மர்டாக் ஒன்பது வயதில் ரசாயனம் பட்டுக் கண் போனவன், அதற்குப் பதிலாக மற்ற புலன்கள் கத்தியாகக் கூர்மையாகிவிட்டன. பகலில் வக்கீல், இரவில் முகமூடி. பகலில் வாய்தா, இரவில் உதை என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் கோர்ட்டுக்குப் பட்டா வழக்குக்காக நடையாய் நடந்த யாருக்கும் அந்த ஆசை ஒரு தடவையாவது வந்திருக்கும்.

இரண்டாவது எபிசோடின் கடைசியில் ஒரு சண்டை. ஒரு சின்னப் பையனைக் கடத்தி வைத்திருக்கிறார்கள், அவனை மீட்க நீளமான ஒரு நடைக்குள் போகிறான். மூன்று நிமிஷம்போல வெட்டில்லாமல் போகிறது காட்சி. அடிக்கிறவன் களைத்துப்போகிறான், சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குகிறான், அடிபட்டவர்கள் செத்து விழாமல் தட்டுத்தடுமாறி மறுபடி எழுந்து வருகிறார்கள். அறுப்பு முடிந்த மாலையில் கட்டுத் தூக்கி வந்தவன் களத்தில் எப்படிச் சாய்வானோ அப்படிச் சாய்கிறான். சூப்பர்ஹீரோவுக்கு உடம்பு வலிக்கும் என்பதை இவ்வளவு எளிமையாக வேறு எங்கும் நான் பார்க்கவில்லை. மூன்றாவது சீசனில் சிறைச்சாலைக்குள் இதையே பதினோரு நிமிஷத்துக்கு நீட்டியிருக்கிறார்கள்.

சண்டையைவிட முக்கியம் வில்சன் ஃபிஸ்க். மூன்றாவது எபிசோடின் கடைசிவரை அவன் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். பெயரைச் சொல்லக்கூட ஊரில் பயப்படுகிறார்கள். அப்புறம் பார்த்தால், ஓவியக்கூடத்தில் வெறும் வெள்ளையாக ஒரு படத்துக்கு முன்னால், தனிமை பிடித்த ஒரு பெரிய ஆள் கூச்சத்தோடு நிற்கிறான். அவனுக்குக் காதல் இருக்கிறது, சமையல் தெரிகிறது, அப்பாவைப் பற்றிய பழைய ரணம் இருக்கிறது. ஊரை நாசமாக்க வந்தவனாக அவன் தன்னை நினைப்பதே இல்லை. பழைய குடியிருப்புகளை இடித்து, வாடகைக்கு இருக்கிற ஏழைகளைக் கிளப்பிவிட்டு, புது நகரம் கட்டப்போகிறான், எல்லாம் ஊர் நன்மைக்கு. காலி பண்ண மறுக்கும் ஒரு வயதான அம்மா வீட்டில் ரிப்பேர் செய்ய வந்ததாகச் சொல்லிக் குழாயையும் கதவையும் உடைத்துவிட்டுப் போகிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு நியூயார்க் ஞாபகம் வரவில்லை. மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று வயலுக்கு நடுவில் கல் நட வந்த வருஷங்கள்தான் ஞாபகம் வந்தன. 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் போட்டு அறிவிக்கும்வரை எங்கள் டீக்கடையில் பேச்சு வேறு எதுவும் இல்லை. நிலத்தைக் கேட்டு வருகிறவன் கொம்பும் கோரைப்பல்லுமாக வருவதில்லை. வெள்ளைச் சட்டை போட்டு, கும்பிட்டு, வளர்ச்சி என்றுதான் ஆரம்பிப்பான். இரணியனுக்கு மெலட்டூரில் கிடைக்கிற நேரத்தை ஃபிஸ்க்குக்கு இந்தத் தொடர் கொடுக்கிறது. வின்சென்ட் டி'ஓனோஃப்ரியோ அதை வீணாக்கவில்லை.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. பதின்மூன்று எபிசோடுக்கு எல்லா சீசனிலும் கதை இல்லை. நடுவில் நாலு எபிசோடு நாற்றங்காலில் தேங்கிய தண்ணீர்போல நிற்கும். இரண்டாவது சீசனில் பனிஷர் என்கிற ஆள் வருகிற முதல் பாதி அசத்தல். அப்புறம் நிஞ்ஜாக் கூட்டம் வந்து கதையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். எண்ணிக்கையில்லாமல் வந்து அடிவாங்கிவிட்டுப் போகிற அவர்களில் ஒருத்தன் முகமும் ஞாபகத்தில் நிற்காது. மூன்றாவது சீசனுக்கு முன்னால் டிஃபண்டர்ஸ் என்று இன்னொரு எட்டு எபிசோடு தொடரைப் பார்த்தால்தான் சிலது பிடிபடும். அது சுமார்தான்.

வன்முறை தனி விஷயம். நாலாவது எபிசோடில் ஒரு கார் கதவை வைத்து ஃபிஸ்க் செய்வதை நான் இங்கே எழுதமாட்டேன். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் போடக் கூடாது, அவ்வளவுதான். இன்னொன்று இருட்டு. கதையே இரவில் நடக்கிறது, படப்பிடிப்பும் அப்படி. டியூப்லைட் எரியும் ஹாலில் போட்டால் திரையில் நம் முகம்தான் தெரியும். அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்து இரண்டு வருஷம் ஆகிறது, மறு கண் இன்னும் மங்கல்தான். "என்னடா நடக்குது? யாரு யாரை அடிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இதில் ஒரு வேடிக்கை. கண் தெரியாத ஹீரோவைப் பற்றிய தொடரைக் கண் தெரியாதவர்கள் பார்க்க வழியில்லையே என்று வெளியான உடனேயே கேள்வி எழுந்தது. அந்த ஏப்ரலிலேயே காட்சியை வாயால் விவரித்துச் சொல்லும் ஒலித்தடத்தை ஆங்கிலத்தில் சேர்த்தார்கள், நெட்ஃபிளிக்ஸ் அதைத் தொடங்கியதே இந்தத் தொடரில்தான். எங்கள் வீட்டில் அந்த வேலையை ஒரு மணி நேரம் நான் தமிழில் பார்த்தேன். தொண்டை கட்டிவிட்டது.

அக்கா மகனுக்கு என்மேல் கோபம். "எங்க கிளாஸ்ல எல்லாரும் பார்த்துட்டாங்க மாமா." பார்த்திருப்பார்கள். நான் என் ஹாலுக்குத்தான் பொறுப்பு.

இந்தத் தொடரை 2018 நவம்பரில் நிறுத்திவிட்டதாக அறிவித்தார்கள். அதே மாதம் 16ஆம் தேதிதான் கஜா புயல். என் மாமனார் ஊர் பேராவூரணிப் பக்கம். தென்னந்தோப்பு முழுக்கப் படுத்துவிட்டது, அங்கேயே கிடந்தோம், கரண்ட் இல்லை. நிறுத்திய செய்தி எனக்குத் தெரியவந்தபோது பொங்கல் ஆகிவிட்டது. 2022 மார்ச்சில் தொடர் நெட்ஃபிளிக்ஸை விட்டு டிஸ்னி பக்கம் வந்தது, 2025இல் பார்ன் அகெய்ன் என்ற பெயரில் அதே நடிகர்களோடு மறுபடி தொடங்கியது. ஆகவே பழைய ஞாபகத்தில் நெட்ஃபிளிக்ஸுக்குப் பணம் கட்டிவிட்டுத் தேடாதீர்கள்.

ஃப்ளாஷ் இதற்கு நேர் எதிர். வெளிச்சம், சிரிப்பு, ஓட்டம். 2014 அக்டோபரில் தொடங்கி 2023 மே வரை ஒன்பது சீசன், 184 எபிசோடு. எபிசோடு நாற்பத்திரண்டு நிமிஷம் என்று வைத்தால் மொத்தம் கிட்டத்தட்ட 129 மணி நேரம். முழுசாகப் பார்ப்பதென்றால் குறுவை, சம்பா, தாளடி மூன்றையும் தாண்டிவிடும். உயர்தரப் படமாக வைத்தால் மணிக்கு 3 ஜிபி வரை டேட்டா இழுக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் சாயங்காலமானால் நெட் நொண்டும்.

ஆனால் முதல் சீசன் தனியாக நிற்கக்கூடியது. இருபத்துமூன்று எபிசோடு, பதினாறு மணி நேரம். இரவுக்கு இரண்டு என்றால் பன்னிரண்டு நாள். பாரி ஆலன் போலீஸில் தடயம் ஆராய்கிறவன். சின்ன வயதில் அம்மாவை ஒரு மஞ்சள் மின்னல் கொன்றுவிட்டுப் போகிறது. பழி அப்பாமேல் விழுந்து அவர் ஜெயிலில் இருக்கிறார். வளர்ப்பது ஜோ என்கிற போலீஸ்காரர், அந்த வீட்டுப் பெண்மேல் இவனுக்கு வெளியே சொல்லாத காதல். ஆய்வகம் ஒன்று வெடித்த இரவில் மின்னல் தாக்கி, ஒன்பது மாதம் நினைவில்லாமல் கிடந்து எழும்போது வேகம் வந்திருக்கிறது. பெற்ற அப்பா கம்பிக்குப் பின்னால், வளர்த்த அப்பா வீட்டில். இரண்டு அப்பாவுக்கும் நடுவில் அந்தப் பையன் படுகிற பாடுதான் தொடரின் உயிர். அம்மா நிபந்தனையாகக் கேட்ட குடும்பம் முதல் பத்து நிமிஷத்திலேயே வந்துவிட்டது. ஜெயிலில் கண்ணாடிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமுமாக அப்பாவும் மகனும் போனில் பேசும் காட்சியில் அம்மா முந்தானையை எடுத்துவிட்டார். ஜெயில் அப்பாவாக வருகிற ஜான் வெஸ்லி ஷிப்தான் 1990இல் வந்த பழைய ஃப்ளாஷ் தொடரில் ஃப்ளாஷாக ஓடியவர். தெரிந்து பார்த்தால் அந்தக் காட்சிக்கு இன்னொரு கனம் கூடும்.

வில்லன் கணக்கில் எப்படி? வாரம் ஒரு கெட்டவன் வருவான், போவான். பாதிப் பேர் மறந்துபோகும். அம்மா தினமும் உட்காரும்போது "இன்னைக்கு யாரு?" என்று கேட்பார், சந்தையில் மீன் கேட்பதுபோல. ஆனால் அடியில் ஒருத்தன் ஓடிக்கொண்டே இருக்கிறான். பாரிக்கு உதவி செய்கிற விஞ்ஞானி ஹாரிசன் வெல்ஸ், சக்கர நாற்காலியில் இருப்பவர். முதல் எபிசோடின் கடைசியில், யாரும் இல்லாத அறையில், அந்த நாற்காலியிலிருந்து எழுந்து நடக்கிறார். நமக்குத் தெரிந்துவிடுகிறது, பாரிக்குத் தெரியாது. அதற்குப்பிறகு அவர் பாரி தோளில் கைவைத்து நல்ல வார்த்தை சொல்லும் ஒவ்வொரு தடவையும் நமக்கு அடிவயிறு கலங்கும். அதிலும் மோசம், அந்தப் பாசம் முழுக்க நடிப்பும் இல்லை. டாம் கவனா அந்த இரண்டையும் ஒரே முகத்தில் வைத்திருக்கிறார். ஒரு சீசன் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் எதிரி என்பது நம் சீரியல் பார்த்துப் பழகிய கண்ணுக்கு ரொம்பப் பரிச்சயமான விஷயம். அம்மாவுக்கு ஒரு விளக்கமும் தேவைப்படவில்லை.

சரி, பலவீனம். முதல் சீசனில் ஓடுகிற வில்லன். இரண்டாவதில் அவனைவிட வேகமாக ஓடுகிற வில்லன். மூன்றாவதில் அதையும்விட வேகமாக. மூன்றாமவன் பெயர் சவிதார். நம் சவிதா, சூரியன் பெயர்தான், வேதத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். சூரியனார்கோவிலுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அந்தப் பெயரில் இரும்புக் கவசம் போட்ட ஒருத்தன் ஆள் கொல்வதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. சங்கடத்தைவிட அலுப்பு அதிகம். தவிர, ரகசியத்தை மறைத்ததால் வந்த வினை என்று ஒவ்வொரு சீசனிலும் அழுவார்கள், அடுத்த சீசனில் மறுபடி மறைப்பார்கள். ஒரு நொடியில் ஊரைச் சுற்றி வருகிறவன், எதிரில் ஒருத்தன் துப்பாக்கியை எடுத்துக் குறிபார்க்கும்வரை நின்று வசனம் பேசுவான். "இம்புட்டு வேகமா ஓடுறவன் அவன் பேசி முடிக்கிறதுக்குள்ள நாலு அறை விட்டிருக்கலாம்ல" என்பது அம்மாவின் விமர்சனம். எனக்கு அதற்குமேல் சேர்க்க ஒன்றும் இல்லை. இடையிடையே ஆரோ, சூப்பர்கேர்ல் என்று பக்கத்துத் தொடர்களோடு கதையைக் கோத்துவிடுவார்கள், பாதிக் கதை இங்கே, மீதி அங்கே. முதல் சீசனில் இந்தத் தொல்லை குறைவு. இரண்டாவது சீசனோடு நிறுத்திக்கொள்வது உத்தமம் என்பது என் கருத்து. அக்கா மகன் ஒத்துக்கொள்ளமாட்டான்.

மிஸ் மார்வெல் 2022 ஜூனில் வந்தது. ஆறே எபிசோடு, மூன்று நான்கு இரவு. ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானி வம்சாவளிப் பெண் கமலா கான், பதினாறு வயது. சூப்பர்ஹீரோக்கள்மேல் பைத்தியமாக இருக்கிறவளுக்குக் கொள்ளுப்பாட்டியின் வளையல் வழியாகச் சக்தி வருகிறது. இந்த ஐந்தில் ஊரும் வீடும் உயிரோடு இருப்பது இதில்தான். மகள் ராத்திரி வெளியே போகக் கூடாது என்கிற அம்மா, குறுக்கே வந்து சமாதானம் பேசும் அப்பா, அண்ணன் கல்யாணம், பள்ளிவாசல் நிர்வாகத் தேர்தலில் நிற்கிற தோழி. கூத்தாநல்லூரிலும் அய்யம்பேட்டையிலும் எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் இருக்கின்றன, அவர்கள் வீட்டு வாசலில் நிற்பதுபோலத்தான் இருந்தது. ஐந்தாவது எபிசோடு 1947க்குப் போகிறது. கூட்டம் நெரியும் ரயில் நிலையத்தில் ஒரு குழந்தை தொலைகிறது. அந்த இரவு ஹாலில் சத்தமே இல்லை. அக்கா மகள் பிரிவினையைப் பாடத்தில் இரண்டு பத்தியாகப் படித்திருந்தாளாம்.

ஆனால் என் இரணியன் கணக்கில் இந்தத் தொடர் ஃபெயில். வேறு உலகத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் வில்லன் என்கிறார்கள். அவர்கள் யார், ஏன் இவ்வளவு அவசரம் என்று தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆறு எபிசோடில் கல்யாணத்தையும் பிரிவினையையும் இவ்வளவு அழகாக அடைத்தவர்களுக்கு வில்லனுக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. காமிக்ஸில் கமலாவின் உடம்பே நீளும், பெருக்கும். இங்கே அதை மாற்றி ஒளியாலான கைகளாக்கிவிட்டார்கள். காமிக்ஸ் படித்தவர்களுக்கு அதில் வருத்தம் உண்டு. பெண்பிள்ளைகள் இரண்டுக்கும் அது தெரியாது, ஒரு வாரம் வீட்டில் இருந்த வளையலையெல்லாம் கையை நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆக நாங்கள் செய்தது இது. எட்டரை மணிக்கு ஃப்ளாஷ் முதல் சீசன், பன்னிரண்டு இரவு. அடுத்து மிஸ் மார்வெல். ஃப்ளாஷ் முடிந்து வில்லன் போனபிறகு வில்லனே இல்லாத தொடர் வந்தால் குறை தெரியாது, வீட்டுக் கதையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரிசையை யோசித்துத்தான் வைத்தேன். மாற்றி வைத்தால் மிஸ் மார்வெலின் முடிவு இன்னும் சப்பென்று போயிருக்கும். பத்து மணிக்குமேல் விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, டேர்டெவிலை நான் இரண்டாம் தடவையாகப் பார்த்தேன். பிள்ளைகள் இல்லாத வீடு, அல்லது பிள்ளைகள் எல்லாம் வளர்ந்துவிட்ட வீடு என்றால் எட்டரைக்கே அதைப் போடுங்கள், வேறு எதையும் தேடவேண்டாம். எந்தத் தொடரானாலும் தமிழ் ஒலி இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பார்த்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஆங்கிலத்தில்தான் ஓடியது, அக்கா மகன் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். அவன் சொன்னதில் பாதி அவனே சேர்த்தது என்று எனக்குச் சந்தேகம்.

ஜூன் முதல் வாரம் அக்கா வந்து பிள்ளைகளை அழைத்துப் போனாள். அன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அம்மா பழக்கத்தில் எட்டரைக்கு டிவி முன்னால் வந்து உட்கார்ந்தார். சீரியல் போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

"அந்த நாற்காலிக்காரன் திரும்ப வருவானாடா?"

"வருவான்மா. விட்டு விட்டு வந்துகிட்டேதான் இருப்பான், ஒன்பது சீசனும். அதுதான் அதுல கோளாறே."

"இதுல என்ன கோளாறு? அடுத்ததைப் போடு."